தேனீப் பாறைக்குக் கீழே ஒரு சீர்

“…சத்தம் கேக்கணும் அண்ணே. தப்புச் சத்தம் மலைக்கு இந்தப் பக்கம், எங்க லயத்துக்குக் கேக்கணும். கேக்காட்டி, கொண்டாந்த சீரக் கொண்டாந்த மாதிரியே திரும்பத் தூக்கிட்டுப் போவச் சொல்லுங்க.”

புஷ்பம் இதைச் சொன்னபோது, அவள் வாசலில் நான் துணி மூட்டையை முழுசாக அவிழ்த்திருக்கவில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்தது, இன்னொன்று என் கையிலேயே இருந்தது. சித்திரை வருடப் பிறப்பு முடிந்து சில நாட்கள். மழை தள்ளிப் போயிருந்ததால், லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இடுப்பில் இருந்த பெண் குழந்தை என் மூட்டையில் தெரிந்த மஞ்சள் துணியைப் பிடித்து இழுத்தது. நடக்கவும் மழலை பேசவும் தொடங்கிவிட்ட குழந்தை. காது மட்டும் இன்னும் மூளியாகவே இருந்தது.

ஏன் மூளி என்பதில்தான் இந்த வாரக் கதை இருக்கிறது.

நம் ஆட்களிடம் குழந்தைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் தப்பு மேளத்தோடு சீர் கொண்டு வர வேண்டும். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் ஊசி. புஷ்பத்தின் அண்ணன் முத்தையா மலைக்கு மறுபக்கம், நான் இருந்த தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று அவர் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், இரண்டு மலை தள்ளிக் கொழுந்தெடுப்பவர்கள்கூட ‘வந்துட்டேங்க’ என்பார்கள் என்று கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட குரல்.

அந்தக் குரல்காரர் தங்கையின் கல்யாணத்தில் வாயைத் திறக்கவில்லை. புஷ்பம் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட கல்யாணம் அது. முத்தையா சீர் இல்லாமல், மேளம் இல்லாமல் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. குழந்தை பிறந்தபோதும் இல்லை.

“வேற யாரு மடியிலயாச்சும் வச்சுக் குத்திருவோம்” என்று புகுந்த வீட்டார் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். “எங்க அண்ணன் மடி இருக்கையில வாடகை மடி எதுக்கு?” என்று புஷ்பம் மறுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவளும் இறங்கி வந்தாள். நாள் குறித்தாயிற்று. அன்று காலை ராகு காலத்துக்கு முன்னால் அண்ணன் வந்தால் அண்ணன் மடி. வராவிட்டால் புருசனுடைய அண்ணன் மடி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, அண்ணன் உறவும் முடிந்தது.

“கல்யாணத்துக்கு வந்த மாதிரி திருடனாட்டம் வரக்கூடாது. அதையும் சொல்லிருங்க” என்றாள். நான் அவிழ்த்த முடிச்சைத் திரும்பப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மூட்டையோடு நடந்தவன் பேச்சு

போன வாரம் அட்டைக் கடியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “நீங்கள் எந்த வழியில்தான் நடக்கவில்லை?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். துணி விற்பவனுக்கு வழி என்பது ஆட்கள் இருக்கிற இடம்தான். ரோட்டுப் பக்கத்து லயங்களுக்கு டவுன் கடைகள் இருந்தன. எனக்கு மிச்சம் கிடைத்தது மேட்டு லயங்கள். தொண்ணூறுகளில் தொடங்கி, முழங்கால் மறுத்துப் பேசும்வரை, குறுக்குப் பாதைகளில்தான் என் பிழைப்பு நடந்தது. தலையில் மூட்டை, சட்டைப் பையில் அடையாள அட்டை, வாயில் பேச்சு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மிச்சத்தை எதிரில் வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டேன்.

துணி விற்கப் போன இடத்தில் நான் வாங்கி வந்தது பேச்சைத்தான். இறம்பொடையில் ஒருமுறை, பீலியடியில் குடம் வைத்துக் காத்திருந்தே பாதி ஆயுளைக் கழித்த ஓர் அம்மா, முதல் தடவையாக அருவியைக் கிட்டத்தில் நின்று பார்த்தார். பிறகு, “இவ்வளவு தண்ணிய யாரு கேட்டா?” என்றார். அருவியைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கு இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

உடப்புசல்லாவைப் பக்கத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் ஒருவர் இருந்தார். மூடுபனி இறங்கினால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “மலைக்கு இன்னிக்கி ஆளப் பாக்க இஷ்டமில்ல. நாம ஏன் தொந்தரவு பண்ணணும்?” என்று பீடி பற்றவைப்பார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து கேட்டாலும் அதே பதில்தான்.

சரி, முத்தையா வீட்டுக்கு வருவோம்.

பஸ் இல்லாத வாரம்

நான் சொன்ன செய்தியைக் கேட்டு முத்தையா, பாலில்லாத சாயத் தண்ணீரைப் பாதிக் கோப்பையோடு கீழே வைத்தார். பிறகு, “சன்னாசியக் கூப்பிடுங்க” என்றார். சன்னாசி எங்கள் தோட்டத்துத் தப்புக்காரர். கல்யாணமோ திருவிழாவோ, அவர் தப்பில்லாமல் எதுவும் நடக்காது.

ஆனால் அது வருடப் பிறப்புக்கு அடுத்த வாரம். டிரைவர்மார் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. ஹட்டனிலிருந்த வேன் எல்லாம் நுவரெலியா சீசன் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. மலையைச் சுற்றி ரோட்டில் நடந்தால் பொழுது சாய்ந்துதான் போய்ச் சேரலாம். மிச்சம் இருந்தது மலைக்கு மேலாகப் போகும் பாதை. காட்டுக்குள் ஏறி, முகட்டைத் தாண்டி, பாறை அடிவாரத்தில் கொஞ்ச தூரம் போய், அந்தப் பக்கத்துத் தேயிலையில் இறங்கும். விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம்.

ஒரே ஒரு சங்கடம். சித்திரை மாதத்தில் அந்தப் பாறை பெருந்தேனீக்களுக்குச் சொந்தம். சிங்களத்தில் பம்பரா என்பார்கள்; நம்மவர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். காடு பூக்கிற நாட்களில் வந்து பாறையில் கூடு தொங்கவிடும். பெருமழை பிடிப்பதற்குள் போய்விடும். எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாது. ஒன்று கொட்டினால் மற்றதெல்லாம் தேடி வரும் என்பது மட்டும் தெரியும். அதற்குக் கீழே நின்று தப்பு அடிப்பதைப் பற்றி யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள்.

“நம்ம பக்கம் அடிப்போம். பாறைக்கிட்ட நிறுத்துவோம். தாண்டினதும் திரும்ப அடிப்போம். தங்கச்சிக்குக் கேக்கும்” என்றார் முத்தையா. எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது. சன்னாசிக்கும் பட்டது.

வாசனை கூடாது

குறித்த நாள் விடியற்காலையில் முத்தையா வாசலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடினோம். தட்டுகள் எல்லாம் சிவப்புத் துணி போர்த்தித் தயாராக இருந்தன. சேலை, வேட்டி, குழந்தைக்குச் சட்டை, சின்னத் தோடு, தேங்காய், பலகாரம், வாழைப்பழச் சீப்பு. உள்ளேயிருந்து முத்தையாவின் மனைவி தெய்வானை வந்தார். அவருக்கு முன்னாலேயே அவருடைய வாசனை வந்துவிட்டது. தலையில் மல்லிகை, முகத்தில் பவுடர், சேலை முழுக்க அவர் தங்கை குவைத்திலிருந்து அனுப்பிய சென்ட்.

“மதினி, இந்த வாசத்தோட பாறைக்குக் கீழ வரமுடியாது” என்றேன்.

“நாத்தனா வீட்டு விசேசத்துக்கு மொத தடவயா போறேன். பொணத்துக் கூடப் போற மாதிரியா வரச் சொல்றீங்க?”

“பம்பராவுக்கு நாத்தனா வீடெல்லாம் தெரியாதுங்க.”

தெய்வானை புருசனைப் பார்த்தார். முத்தையா வானத்தைப் பார்த்தார். கடைசியில் அந்தக் குளிரில் பீலியடிக்குப் போய், முகமும் தலையும் கழுவி, பழைய சேலை கட்டிக்கொண்டு வந்தார். புதுச் சேலையை ஈரச் சாக்கில் சுற்றித் தானே தலையில் வைத்துக்கொண்டார். மல்லிகை வீட்டுச் சாமி படத்துக்குப் போயிற்று. பழுத்த வாழைப்பழ வாசமும் தேனீக்கு ஆகாது என்று காட்டுப் பாதையில் நடப்பவர்கள் சொல்வதுண்டு. ஆனால் பழம் இல்லாத சீர் எப்படி? சீப்பைத் துணியில் சுற்றி, அதன் மேல் ஈரச் சாக்கைச் சுற்றி, “புள்ளத்தாச்சி மாதிரி பாத்துத் தூக்குங்க” என்று சொல்லி ஒருவர் தலையில் ஏற்றினோம்.

சன்னாசி வாசலில் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சினார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தப்பின் தோல் சூட்டில்தான் இறுகும். இறுகினால்தான் பேசும். அன்று அது பேசியது. லயம் முழுக்க வாசலுக்கு வந்து நின்று பார்க்க, முத்தையா முன்னால் நடந்தார். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடம்வரை சன்னாசி விடாமல் அடித்துக்கொண்டே வந்தார்.

மலை தளிர்க்கும் நாட்கள்

காட்டுக்குள் நுழைந்ததும் பேச்சுத் தானாகக் குறைந்தது.

அந்த மாதத்துக் காட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கீழே பார்க்கிறவர்கள் பச்சை என்பார்கள். உள்ளே போனால் பாதி மரம் சிவப்பு. பூவால் அல்ல, தளிரால். கீன மரத்தின் இளம் இலை செம்பு நிறத்தில், குழந்தையின் உள்ளங்கை மாதிரி மெல்லிசாக இருக்கும். வெளிச்சம் அதற்குள் புகுந்து வரும்போது நம் சட்டையெல்லாம் சிவக்கும். முகட்டுக்குக் கிட்டத்தில், காற்றுக்கு முதுகு வளைந்த மரங்களில் மகாரத்மல் பூத்திருந்தது. கொத்துக் கொத்தாகச் சிவப்பு. விழுந்த பூக்கள் பாதையில் வாடாமல் கிடந்தன. தெய்வானை அவற்றை மிதிக்காமல் கால் மாற்றி மாற்றி வைத்துப் போனார். சாமி வரும் பாதையில் கோலத்தைத் தாண்டிப் போகிறவர் மாதிரி.

வண்ணத்துப்பூச்சிகள் வேறு. வெள்ளையும் மஞ்சளுமாக, ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே திசையில். அந்த நாட்களில் அவை சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகின்றன என்று தமிழரும் சிங்களவரும் ஒரே வாயாகச் சொல்வார்கள். நாங்கள் சீர் தூக்கி ஒரு பக்கம் போக, அவை எங்கள் தட்டுகளுக்கு மேலாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. “அதுங்களுக்கும் எங்கயோ விசேசம்” என்றார் சன்னாசி.

முகட்டில் மேகம் பிடித்துக்கொண்டது. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரிந்தது. மரத்தின் பாசியெல்லாம் சொட்டியது. தலைமுடி, புருவம், தட்டுத் துணி எல்லாம் நனைந்தன. மேகத்துக்குள்ளிருந்து எங்கேயோ ஒரு கருங்குரங்கு தொண்டையைச் செருமியது போல் கத்தி நிறுத்தியது. எங்கள் யாருக்கும் தப்பின் ஞாபகம் வரவில்லை.

பாறை

மேகத்தைவிட்டு இறங்கியதும் பாறை தெரிந்தது.

அதற்கு முன் அந்த மாதத்தில் நான் அந்த வழியாகப் போனதில்லை. சொல்லக் கேட்டதுதான். நிமிர்ந்து பார்த்தேன். பாறை முன்னால் குனிந்து நிற்கிற இடத்தில், அதன் வயிற்றுக்குக் கீழே, கறுப்புக் கறுப்பாகத் தொங்கின. ஒவ்வொன்றும் பெரிய சுளகை நிறுத்தி வைத்தது போல் அரைவட்டம். எண்ணத் தோன்றவில்லை. முதலில் அதைக் கூடு என்றே நான் நினைக்கவில்லை, பாறையின் கறை என்று நினைத்தேன். பிறகு ஒரு கறை அசைந்தது.

பாறையின் உச்சியில் வெயில் விழுந்திருந்தது. வெயில் கூடுகளைத் தொட்டால் அவை சுறுசுறுப்பாகிவிடும். நிழல் இருக்கும்போதே தாண்ட வேண்டும். தாண்ட வேண்டிய தூரம் ஒரு லயத்து நீளம்தான். முத்தையா திரும்பி எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். இரண்டு மலை தாண்டிக் குரல் கொடுக்கிற மனிதர்.

பாதி தூரத்தில் ஒரு தேனீ இறங்கி வந்தது. முத்தையாவின் தட்டைச் சுற்றியது. தட்டைப் பிடித்திருந்த கையில் உட்கார்ந்தது. அவர் நின்றார். நாங்கள் எல்லாரும் நின்றோம். அது அவர் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, அளந்து பார்க்கிறது போல் நடந்தது.

அப்போதுதான் மேலே அது நடந்தது. கட்டை விரல் பருமனில் ஒரு குளவி வந்து ஒரு கூட்டுக்கு முன்னால் நின்று பறந்தது. உடனே அந்தக் கூடு முழுக்க ஓர் அலை ஓடியது. ஆயிரமாயிரம் தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாலைத் தூக்கி இறக்கின. கறுப்பின் மேல் வெள்ளியாக ஒரு சுழி நடுவில் தொடங்கி, விரிந்து, ஓரத்துக்குப் போய் மறைந்தது. மறுபடி ஒன்று. பட்டுச் சேலையை உதறினால் மடிப்பு ஓடுமே, அப்படி. ஆனால் உதறுகிற கை இல்லை. பக்கத்துக் கூட்டிலும் ஓடியது, அதற்கடுத்ததிலும். பாறையே மேல்மூச்சு வாங்கியது. குளவி தயங்கி, பின்வாங்கி, திரும்பிப் போய்விட்டது. ஒரு தேனீயும் இடத்தைவிட்டு எழவில்லை.

நான் பயந்தேனா என்று கேட்டால், பயப்பட மறந்துவிட்டேன் என்பதுதான் சரி. எனக்கு முன்னால் தெய்வானை கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கி, தூக்கிய கையை அப்படியே நிறுத்தியிருந்தார்.

சன்னாசி என் தோளைத் தொட்டார். என் விரலைப் பிடித்துத் தன் தப்பின் தோலில் வைத்தார். அது அதிர்ந்துகொண்டிருந்தது. மேலே இருந்த ரீங்காரம் காதில் விழுந்ததைவிட அந்தத் தோலில் நன்றாகத் தெரிந்தது. யாரும் அடிக்காமலே தப்பு உள்ளுக்குள் முனகிக்கொண்டிருந்தது.

முத்தையாவின் விரல் நுனியிலிருந்து தேனீ எழுந்து போயிற்று. நாங்கள் மறுபடி நடந்தோம்.

இறக்கம்

பாறையைத் தாண்டி, தேயிலைக்குள் நன்றாக இறங்கிய பிறகுதான் முத்தையா மூச்சு விட்டார். கீழே புஷ்பத்தின் லயத்துக் கூரை தெரிந்தது. “சன்னாசி, இப்ப அடி” என்றார்.

சன்னாசி குச்சியை ஓங்கி ஓர் அடி அடித்தார். நனைந்த சாக்கை அடித்தது போல் ‘தொப்’ என்றது. இன்னொரு அடி. அதே தொப். முகட்டு மேகத்தில் தோல் முழுக்க ஊறித் தளர்ந்திருந்தது. ஊரில், வெயிலில், வாசலில் அடித்துப் பழகியவர். மேகத்துக்குள் தப்பைக் கொண்டு போனது அவருக்கும் அதுதான் முதல் தடவை.

“காச்சினா சரியாயிரும்” என்று சொல்லி மடியில் தீப்பெட்டியைத் தடவினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காலைக் காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. இங்கே மூட்டுகிற புகை நேராகப் பாறைக்குப் போய்ப் பம்பராவைக் கிளப்பிவிடும். நாங்கள் தாண்டிவிட்டோம், சரி. ஆனால் மேல் மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் தலையெல்லாம் தெரிந்தது.

“லயத்துல போயி காச்சிக்கலாம்” என்றார் யாரோ.

“அவ வாசல்ல போயி நின்னு, கொஞ்சம் நெருப்புக் குடுங்க, தப்பக் காச்சின பொறவு ‘வந்துட்டோம்’னு சொல்றோம்னு கேக்கவா?” என்றார் முத்தையா. அந்தக் குரலில் பெரட்டுக் களம் இல்லை. “அன்னிக்கும் சத்தமில்லாம வந்தேன். இன்னிக்கும் அப்படியே போறேன்.”

திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன். திரும்பவில்லை. தட்டைச் சரிப்படுத்திக்கொண்டு இறங்கினார். நாங்களும் பின்னால் இறங்கினோம். பேச்சில்லை, மேளமில்லை. சிவப்புத் துணி போர்த்திய தட்டுகள் தேயிலைக்கு மேலே வரிசையாகப் போயின.

தேயிலை முடிந்து பாதை லயத்துக்கு இறங்குகிற வளைவில் புஷ்பம் நின்றிருந்தாள். புதுச் சேலை, இடுப்பில் குழந்தை. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது. அந்த வளைவிலிருந்து பாறை முழுசாகத் தெரியும் என்பதை அப்போதுதான் கவனித்தேன். பாறையின் வயிற்றுக்குக் கீழே சிவப்புத் தட்டுகள் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்ததும் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பம்பராப் பாறையைப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை.

அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள். கீழே வாசலில் இருந்து, “நேரமாவுது, புள்ளயக் கொண்டாங்க” என்று புகுந்த வீட்டு ஆண் குரல் ஒன்று கேட்டது.

“அடிக்க முடியல புஷ்பம்” என்றார் முத்தையா. அவ்வளவுதான் சொன்னார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். ஈரச் சாக்குத் தலையோடு, பூ இல்லாமல், பழைய சேலையில் நின்ற மதினியைப் பார்த்தாள். நிமிர்ந்து பாறையைப் பார்த்தாள். வெயில் அப்போது கூடுகளைத் தொட்டிருந்தது. அத்தனை தூரத்திலும் பாறைக்கு முன்னால் பொன் தூள் பறப்பது போல் தெரிந்தது.

பிறகு சன்னாசியிடம் போய், அவர் தோளிலிருந்த தப்பைக் கழற்றச் சொல்லிக் கையை நீட்டினாள். அவர் தயங்கிக் கொடுத்தார். ஒரு கையில் தப்பு, இன்னொரு கையில் குழந்தை. இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை நடக்காது. குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

விடுவிடுவென்று லயத்து முற்றத்துக்கு இறங்கினாள். அடுப்புக்கென்று கட்டி வைத்திருந்த காய்ந்த தேயிலைக் குச்சி மிளாறை அவிழ்த்து, ஒரு கை எடுத்துப் போட்டு, குந்தி உட்கார்ந்து தீ மூட்டினாள். புதுச் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தீ பிடித்ததும் தப்பை அதற்கு நேராகப் பிடித்து, ரொட்டியைத் திருப்புகிறது போல் மெல்ல மெல்லத் திருப்பிக் காட்டினாள். விரல் கணுவால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். காது கொடுத்துக் கேட்டாள். தோல் இன்னும் இறுகவில்லை.

பிறகு இன்னொரு கை மிளாறு எடுத்துப் போட்டாள்.